ஈறுகெட்ட எதிர்மறை ஆட்டக்காரர்

பேஸ்பாலில் கேட்சர் என்று ஓர் ஆள் உண்டு. நம்ம விக்கெட் கீப்பருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீப்பருக்கு உள்ள சொகுசு எதுவும் இவருக்குக் கிடையாது. வேகப்பந்து என்றால் பத்து கஜம் பின்னால் போய் நிற்க முடியாது. மட்டைக்காரரின் முட்டிக்குப் பின்னாலேயே குத்தவைத்து உட்கார வேண்டும். பந்து தரையில் குத்தாமல் நேரே மூஞ்சிக்கு வரும். அதனால் முகத்துக்குக் கம்பி, மார்புக்கு மெத்தை, முழங்காலுக்குத் தகடு. இந்தச் சாமான்களுக்கெல்லாம் சேர்த்து அந்த உலகத்தில் வழங்கும் பெயர் 'மடையர்களின் தளவாடம்'. மூளை உள்ளவன் எவனாவது இதை மாட்டிக்கொண்டு உட்காருவானா என்று கேட்கிறது அந்தப் பெயர்.

உட்கார்ந்தார் ஒருவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன், போதாக்குறைக்கு சமஸ்கிருதம் எல்லாம் படித்துவிட்டு, கொலம்பியாவில் சட்டமும் முடித்த மோ பெர்க். அவருக்கு ஏழு மொழி தெரியும் என்று யாரோ பெருமையடித்தபோது, கூட ஆடியவர் ஒருவர், "தெரியும் தெரியும், ஏழிலும் அவனுக்கு அடிக்கத் தெரியாது" என்றாராம். இந்த ஏழு என்பது சிலர் கணக்கில் பத்து, சிலர் கணக்கில் பன்னிரண்டு. ஆளின் பெயர் பரவப் பரவ மொழிகளும் குட்டி போட்டன. எந்தப் பட்டியலிலும் தமிழ் இல்லை. ஆகவே நாம் பயப்படாமல் பேசலாம்.

முதலில் மார்க் ஷீட்டைப் பார்த்துவிடுவோம். பதினைந்து சீசன். 663 ஆட்டம். 441 ஹிட். ஆறே ஆறு ஹோம் ரன். சராசரி .243. அதாவது ஆயிரம் தடவை மட்டையோடு போனால் 243 தடவை உருப்படியாக அடித்தார். நம் பரீட்சைக் கணக்கில் நூற்றுக்கு இருபத்து நாலு, சந்தேகமில்லாமல் ஃபெயில். ஆனால் பேஸ்பால் கருணையுள்ள பாடம். அங்கே நூற்றுக்கு முப்பது எடுத்தவர் மாநிலத்திலேயே முதல் மாணவர் மாதிரி தெருவில் நடப்பார். அப்படிப்பட்ட தாராள வாத்தியாரிடமே பெர்க் இருபத்து நாலுதான் வாங்கினார். அதே காலத்தில் ஆடிய பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்தார். இருவருக்கும் வித்தியாசம் வெறும் 708.

இப்படி ஒருவரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று கேட்பீர்கள். இவர் அடித்ததைப் பற்றி எழுத ஒன்றும் இல்லைதான். அடிக்காமல் விட்டதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1902-ல் நியூயார்க்கில் பிறந்து, பக்கத்து நியூவார்க்கில் வளர்ந்தார். அப்பா பெர்னார்ட், உக்ரைன் பக்கமிருந்து கப்பலேறி வந்த யூதர், மருந்துக்கடைக்காரர். மூன்று பிள்ளைகள். மூத்தவர் சாம் டாக்டர் ஆனார். பெண் எத்தல் டீச்சர் ஆனார். கடைக்குட்டி வக்கீல் ஆக வேண்டும் என்று அப்பா கணக்குப் போட்டார். யூதக் குடும்பம், நியூ ஜெர்சி என்ற இரண்டைத் தவிர்த்தால் இது நம்ம எதிர் வீட்டுக் கதை. கடைக்குட்டி மூன்றரை வயதிலேயே பள்ளிக்கூடம் போகிறேன் என்று அடம்பிடித்த பிள்ளை வேறு. அப்பா பூரித்திருப்பார். பிள்ளை அதே வேகத்தில் தெருவில் பந்தும் ஆடியது. மெதடிஸ்ட் தேவாலய அணி ஒன்று பையனைக் கூப்பிட்டது. யூதப் பையன் மெதடிஸ்டுகளுக்கு ஆடுவது எப்படி? 'ரன்ட் வுல்ஃப்' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டான். எதிர்காலத் தொழிலுக்கு ஒத்திகை அன்றைக்கே நடந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பிரின்ஸ்டனில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடினார். எதிரணியின் ஆள் இரண்டாவது பேஸில் நின்று ஒட்டுக்கேட்டால், பெர்க்கும் பக்கத்தில் நின்ற கிராசன் கூப்பர் என்ற தோழரும் லத்தீனில் பேசித் திட்டம் போடுவார்கள். இரண்டாயிரம் வருஷம் பழைய மொழியை, ஓடத் துடிக்கும் பையன்களை ஏமாற்ற உபயோகித்தது உலகத்திலேயே இவர்கள்தான் என்று நினைக்கிறேன். இதே பிரின்ஸ்டனில் ஒரு சாப்பாட்டு கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. ஒரே நிபந்தனை: இவர் வரலாம், இவரைச் சாக்கிட்டு வேறு யூதர்கள் உள்ளே வரக் கூடாது. பெர்க் சேரவில்லை. இந்தக் கதையில் கிண்டல் செய்ய முடியாத இடங்கள் சில உண்டு. இது ஒன்று, தாண்டிப் போகிறேன்.

1923 ஜூனில் கல்லூரியின் கடைசி ஆட்டம். யேல் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. மறுநாளே புரூக்ளின் அணி 5,000 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டது. அந்த வருஷம் .186 அடித்தார். நூற்றுக்குப் பத்தொன்பதுகூட இல்லை. அணி கவலைப்பட்டது. பெர்க் கவலைப்படவில்லை. சீசன் முடிந்ததும், சம்பளத்தை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குக் கப்பலேறி, சோர்போன் பல்கலைக்கழகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வகுப்புகளில் பேர் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் குளிர்காலத்தில் மட்டை பழகினார்கள். இவர் லத்தீன் எப்படித் தேய்ந்து பிரெஞ்சு ஆனது என்று பழகினார். திரும்பி வந்தபோது உடம்பு பெருத்திருந்தது, மட்டை அப்படியே இருந்தது. புரூக்ளின் அவரைக் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பிவிட்டது. அந்தச் சமயத்தில் மைக் கொன்சாலெஸ் என்ற கியூபாக்காரர் இவரை வேவு பார்த்துவிட்டு நாலே வார்த்தையில் அறிக்கை கொடுத்தாராம்: "பந்து பிடிப்பான், அடிக்க மாட்டான்." அமெரிக்க விளையாட்டு இலக்கியத்தில் அந்த நாலு வார்த்தை இன்றைக்கும் பழமொழி. நமக்குத் தெரிந்து ஒற்றை வரி விமர்சனத்தால் அமரரானவர்கள் கவிஞர்களில்கூடக் குறைவு.

இதற்கு நடுவில் அப்பாவின் மனக்குறை. பிள்ளை ஆடும் ஆட்டத்தை ஒருநாள்கூட மைதானத்துக்கு வந்து பார்க்க மாட்டேன் என்றிருந்தார், கடைசிவரை வரவுமில்லை. 1942-ல் சாகும்வரை அந்த வைராக்கியம். அவரைத் திருப்திப்படுத்தத்தானோ என்னவோ, பெர்க் கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். இதற்குள் அவரை எடுத்துக்கொண்டிருந்த சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு இப்போது பிரச்சினை. வசந்த காலத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் பயிற்சிக்கு வருவார்கள். இவர் மட்டும், பரீட்சை இருக்கிறது, மே கடைசியில் வருகிறேன் என்று கடிதம் போடுவார். ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பரீட்சையைக் காரணம் காட்டி லீவு கேட்டபோது முதலாளி கோமிஸ்கியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பரீட்சையிலும் ஒரு வேடிக்கை. எல்லாப் பாடத்திலும் தேறியவர் ஒரு பாடத்தில் கோட்டை விட்டார். அதனால் கூடப் படித்தவர்களோடு 1929-ல் பட்டம் வாங்க முடியாமல், மறுபடி எழுதி 1930-ல்தான் வாங்கினார். கோட்டை விட்ட பாடம்: சாட்சியம். பின்னால் இந்த மனுஷர் எங்கே போனார், என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியம் தேடி அலைந்தவர்கள், அந்த வினாத்தாளைத் திருத்திய பேராசிரியரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்சர் ஆனது ஒரு விபத்து. 1927 ஆகஸ்டில் சிகாகோ அணியின் கேட்சர்கள் மூன்று பேருக்கும் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்து அடி. மானேஜராகவும் கேட்சராகவும் இருந்த ரே ஷால்க்கே அடிபட்டவர்களில் ஒருவர். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அவரிடம், நல்ல கேட்சர் ஒருவர் இந்தப் பெஞ்சிலேயே இருக்கிறாரே என்றார் பெர்க். அவர் மனதில் வைத்துச் சொன்னது வேறொருவரை. ஷால்க் புரிந்துகொண்டது, பையன் தானாக முன்வருகிறான் என்று. பல பாஷை தெரிந்த பண்டிதர் தாய்மொழியில் சொன்ன ஒரு வாக்கியம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அதன் விளைவாக ஆயுசு முழுக்கக் குத்தவைக்க வேண்டியதாயிற்று. மடையர்களின் தளவாடத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போகும்போது, ஏதாவது ஆகிவிட்டால் உடலை நியூவார்க்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஒரு கதை.

உடல் பத்திரமாகத் திரும்பி வந்தது. இன்னும் ஆச்சரியம், மனுஷருக்கு அந்த வேலை வந்தது. கேட்சருக்கு முக்கிய வேலை பந்து பிடிப்பதல்ல, அடுத்த பந்து என்னவென்று விரலால் ஜாடை காட்டுவது. எதிரே நிற்பவனுக்கு எது பலவீனம், போன மாதம் எந்தப் பந்தில் ஏமாந்தான், இன்றைக்குக் கால் எங்கே வைத்திருக்கிறான் என்று கவனித்து, யாருக்கும் தெரியாமல் தொடைக்கு நடுவில் இரண்டு விரலோ மூன்று விரலோ காட்ட வேண்டும். ரகசியக் குறிகள், வேவு, குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது. 1929-ல் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி .287 அடித்தார். அதுதான் உச்சம். அடுத்த வருஷத் துவக்கத்திலேயே முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெர்க் அதற்குப் பிறகு இன்னும் பத்து வருஷம் ஆடினார். ஆடினார் என்றா சொன்னேன்? அணியில் இருந்தார்.

கிளீவ்லாந்து, வாஷிங்டன், மறுபடி கிளீவ்லாந்து, கடைசியாக 1935 முதல் பாஸ்டன். பாஸ்டனில் ஐந்து வருஷம், வருஷத்துக்குச் சராசரி முப்பது ஆட்டம்கூட இல்லை. ஒரு சீசனுக்கு ஆட்டங்கள் நூற்றைம்பது சொச்சம். மீதி நாளெல்லாம் பந்துவீச்சாளர்கள் உடம்பைச் சூடேற்றும் மூலையில் உட்கார்ந்து, படித்த கதை, பார்த்த ஊர், கிரேக்க வேர்ச்சொல் என்று பேசிக்கொண்டிருந்தார். பேஸ்பால் வரலாற்றில் மிகச் சிறந்த இருக்கை அவருடையது. இலவச டிக்கெட், கூடவே பயணப்படி, ஓட்டல் அறை, நல்ல சம்பளம். இடையில் 117 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஒரு பிழையும் செய்யாமல் அமெரிக்கன் லீக் சாதனை ஒன்றும் படைத்தார். அதைப் படைக்க அவருக்கு 1931 முதல் 1934 வரை ஆயிற்று. கோயில் தேர் இடித்துச் சுவர் சேதமான செய்தி வராததற்கு, தேர் வருஷத்தில் ஒரு நாள்தான் ஓடும் என்பதும் ஒரு காரணம்.

எப்போதும் ஒரே மாதிரி கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. கையில் கட்டுக்கட்டாகப் பேப்பர். இந்தப் பேப்பர் விஷயத்தில் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். அவர் படித்து முடிக்காத பேப்பருக்கு உயிர் உண்டு. அதை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அது செத்துப்போய்விடும், அப்புறம் படிக்க மாட்டார். மழையோ பனியோ, எழுந்து போய் அதே பேப்பரின் இன்னொரு பிரதியை வாங்கி வருவார். படித்து முடித்ததும் பேப்பர் செத்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம் டீக்கடைகளில், நடுப்பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில், சினிமா விளம்பரம் பஜ்ஜிக்கு அடியில் என்று பேப்பர் படும் பாட்டைப் பார்த்திருந்தால் மனுஷர் அங்கேயே மயக்கம் போட்டிருப்பார்.

ரேடியோவில் ஒரு பிரபலமான வினாடி வினாவில் மூன்று தடவை வந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி நாட்டையே அசத்தினார். பேஸ்பால் ஆணையரான நீதிபதி லேண்டிஸ், நான் இத்தனை வருஷமாக இந்த ஆட்டத்துக்குச் செய்ததைவிட நீ அரை மணி நேரத்தில் அதிகம் செய்துவிட்டாய் என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். மட்டையைத் தொடாமலே ஆட்டத்துக்குச் சேவை. பெர்க்குக்கு ஏற்ற பாராட்டு.

இனி 1934-க்கு வருவோம். அந்த நவம்பரில் அமெரிக்காவின் நட்சத்திர அணி ஒன்று ஜப்பானுக்குப் போனது. பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர், லெஃப்டி கோமெஸ் என்று ஒவ்வொருவரும் மலை. அந்த மலைகளின் வரிசையில், சராசரி கால்வாசிகூட இல்லாத மாற்று கேட்சர் மோ பெர்க்கும் கப்பலில் நின்றார். எப்படி இடம் கிடைத்தது என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். 1932-லேயே அங்கே போய்க் கல்லூரிப் பையன்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், ஜப்பானிய மொழியும் கொஞ்சம் கற்றவர் என்பது ஒரு சமாதானம். அந்தத் தடவை மற்றவர்கள் ஊர் திரும்பியும் இவர் திரும்பவில்லை. மஞ்சூரியா, ஷாங்காய், பீக்கிங், இந்தோசீனா, சயாம், இந்தியா, எகிப்து, பெர்லின் என்று சுற்றிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார். இந்தியாவில் சமஸ்கிருதத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாரா, பார்த்திருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

டோக்கியோ தெருவில் ரூத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். ஆட்டங்களில் அமெரிக்கர்கள் அடி பின்னினார்கள். ஒரே ஒரு நாள், ஷிஸுவோகாவில் எய்ஜி சவாமுரா என்ற பதினேழு வயதுப் பையன் பந்தை எடுத்து, கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நாலு பேரையும் வரிசையாக அவுட்டாக்கிவிட்டான். ஜப்பான் அந்தப் பையனை இன்றும் கும்பிடுகிறது. ஆட்டத்தில் அவன் 1-0 என்று தோற்றான் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 29. அணி ஒமியாவில் ஆடிக்கொண்டிருந்தது. பெர்க்கைக் காணோம். ஆறடி ஓர் அங்குல உயரமுள்ள நியூ ஜெர்சிக்காரர், கிமோனோ உடுத்தி, முடியை நடு வகிடெடுத்துப் படிய வாரிக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு டோக்கியோவின் ஸுகிஜி பகுதியிலுள்ள செயின்ட் லூக் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். 1934-ம் வருஷத்து டோக்கியோவில் அந்த உயரத்துக்குக் கிமோனோ கட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று ஒருவர் நம்பினார் பாருங்கள், அந்த நம்பிக்கைக்கே ஒரு விருது தரலாம். அமெரிக்கத் தூதர் கிரூவின் மகளுக்கு அங்கே குழந்தை பிறந்திருந்தது. அவரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். லிஃப்டில் ஏறினார். பிள்ளைபெற்றவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மொட்டை மாடிக்குப் போய், கோபுரத்தில் ஏறி, கிமோனோவுக்குள்ளிருந்து 16 மில்லிமீட்டர் மூவி கேமராவை எடுத்து, துறைமுகம், தொழிற்சாலை, ரயில் தடம் என்று ஊரைச் சுற்றிப் படம் பிடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். பூங்கொத்து தாய்க்குப் போய்ச் சேரவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று ஒன்று படித்தோமே, நினைவிருக்கிறதா? செல்லாத காசு, செல்லாக் காசு. ஓடாத குதிரை, ஓடாக் குதிரை. என் தமிழ் வாத்தியார் இதற்கு உதாரணம் தேடித் திணறுவார். பெர்க்கின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்திருந்தால் அவர் கஷ்டம் தீர்ந்திருக்கும். கொடாப் பூங்கொத்து இங்கே ஒன்று. மேலே படியுங்கள், இன்னும் வரும்.

அந்தப் படச்சுருளைப் பற்றி: 1942 ஏப்ரலில் டூலிட்டில் தலைமையில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோ மேல் குண்டு போட்டபோது, பெர்க்கின் படம்தான் வழிகாட்டியது என்று ரொம்பக் காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒப்புவதில்லை. ஏழரை வருஷத்துக்கு முந்தைய மொட்டை மாடிப் படம், போர் திட்டமிடுகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்? ஆனால் கதை நன்றாக இருந்தது. பெர்க் அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பதில் அவருக்கு இருந்த திறமை, மட்டையில் பாதி இருந்திருந்தால்கூடப் போதும், ரூத் பயந்திருப்பார்.

1939-ல் ஆட்டம் நின்றது. பாஸ்டன் அணியில் இரண்டு வருஷம் பயிற்சியாளராக இருந்தார். போர் வந்ததும் அரசாங்கத்துக்கு வேலை செய்யப் புறப்பட்டார். 1943-ல் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பில் சேர்ந்தார். இன்றைய சி.ஐ.ஏ.வுக்குத் தாத்தா. அங்கே அவருக்கு ரகசியப் பெயர் 'ரீமஸ்'. ஜெர்மனி அணுகுண்டு செய்கிறதா, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் அப்போது எல்லோரையும் தூங்கவிடாத கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மண்டை ஒன்றுதான்: வெர்னர் ஹைசன்பெர்க், 1932-ம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல்காரர். அவர் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்கு வந்து ஒரு சொற்பொழிவு ஆற்றப் போகிறார் என்று செய்தி வந்தது. யாரை அனுப்பலாம்? ஜெர்மன் தெரிய வேண்டும், கொஞ்சம் விஞ்ஞானம் புரிய வேண்டும், நாள் முழுக்க ஒருவனை முறைத்துப் பார்த்து அவன் அடுத்து என்ன செய்வான் என்று கணிக்க வேண்டும். கேட்சரை அனுப்பினார்கள்.

உத்தரவு எளிமையானது. சொற்பொழிவைக் கேள். ஜெர்மன் குண்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தால், அந்த இடத்திலேயே சுட்டுவிடு. சட்டைப் பையில் துப்பாக்கி. மாட்டிக்கொண்டால் விழுங்க இன்னொரு பையில் சயனைடு.

1944 டிசம்பர் 18. ஐன்ஸ்டைன் படித்த அதே சூரிச் கல்லூரி. சுமார் இருபது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பெர்க் போட்ட வேஷம் சுவிஸ் மாணவர் என்கிறார்கள். வயது நாற்பத்திரண்டு. அரியர் வைத்த மாணவர் என்று யாராவது நினைத்திருக்கலாம், சாட்சியப் பாடத்தில் வைத்த அனுபவம் இருந்ததே. ஹைசன்பெர்க் பேசினார். குண்டைப் பற்றி அல்ல, எஸ் மேட்ரிக்ஸ் என்ற கொள்கையைப் பற்றி. துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு முன்னால் என்ன, மோதிய பின்னால் என்ன என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கணிதம். நடுவில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. உளவு பார்க்க வந்தவருக்கு இதைவிடக் கொடுமையான தலைப்பு கிடையாது.

எந்தச் சமன்பாட்டில் குண்டு ஒளிந்திருக்கிறது? எந்த இடத்தில் எழுந்து சுட வேண்டும்? பெர்க் நோட்டில் எழுதிக்கொண்டார். கணக்கு புரிந்த அளவுக்கு எழுதினார். புரியாத இடத்தில் ஆளை எழுதினார்: புருவம் எப்படி, கண் எப்படி, நடை எப்படி. எதிரணி மட்டைக்காரன் காலை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்த்த அதே கண். ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கொள்கையை வைத்து இங்கே ஒரு ஜோக் அடிக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். கொடுமை என்னவென்றால் பெர்க் முந்திக்கொண்டுவிட்டார். இவரை என்ன செய்வது என்று எனக்கு நிச்சயமில்லை, பார்க்க ஹைசன்பெர்க்கின் கொள்கை என்ற பாணியில், கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து அந்த நோட்டிலேயே கிறுக்கி வைத்திருக்கிறார். கொலை செய்ய வந்த இடத்தில் சிலேடை எழுதும் மனுஷர். இவரை வைத்துக்கொண்டு ஓ.எஸ்.எஸ். என்ன பாடு பட்டிருக்கும்!

சுடவில்லை. சுடாத் துப்பாக்கி.

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. எல்லைக்கு வெளியே போகும் நாலு பந்தை ஆசைப்படாமல் விட்டுவிட்டால், முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், இனாம். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுகிற மாதிரி. அடிக்கத் தெரிந்தவன் பத்துப் பேர் இருந்தால், விடத் தெரிந்தவன் ஒருவன்தான் இருப்பான். பதினைந்து வருஷம் .243 அடித்த மனுஷர் அன்றைக்கு வந்த ஒரு பந்தைச் சரியாகப் பார்த்து, இது வெளியே போகிறது என்று விட்டுவிட்டார். அவர் நினைத்தது சரியாகவும் இருந்தது. ஜெர்மானியர்கள் குண்டின் பக்கத்தில்கூட இல்லை.

அதற்குப் பிறகு சொற்பொழிவுக்கு அழைத்த பேராசிரியர் பால் ஷெரர் வீட்டில் விருந்து. அங்கே, போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே என்று யாரோ கேட்டதற்கு ஹைசன்பெர்க், ஆமாம், ஆனால் ஜெயித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். தோற்கப் போகிறோம் என்று சொல்பவன் பையில் குண்டு இருக்காது. பெர்க் அதைக் குறித்துக்கொண்டார். விருந்து முடிந்து ஹைசன்பெர்க் கிளம்பியபோது இவரும் கூடவே நடந்தார். இருட்டுத் தெருவில் இரண்டு பேர் மட்டும். ஜெர்மனில் 'பெர்க்' என்றால் மலை. ஒரு மலையும் இன்னொரு மலையும் பேசிக்கொண்டே போயின, ஒரு மலையின் பையில் துப்பாக்கி. ஹைசன்பெர்க்குக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த ஆள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறான். அவர் 1976 வரை இருந்தார். சுட வந்தவரைவிட நாலு வருஷம் கூடுதலாக.

அறிக்கை வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபோது ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அந்தக் கேட்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றாராம். உண்மையோ இல்லையோ, .243 அடித்தவருக்கு வெள்ளை மாளிகையிலிருந்து வணக்கம் வந்த கதை வேறு இல்லை.

போர் முடிந்தது. சுதந்திரப் பதக்கம் தருகிறோம் என்றது அரசாங்கம். எதற்காக என்று வெளியே சொல்லக் கூடாது. வேண்டாம் என்றார் பெர்க். வாங்கா மெடல். அதே சமயம் உளவு அமைப்பின் கணக்குப் பிரிவு, வாங்கிய முன்பணத்துக்கு ரசீது எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. நாட்டைக் காப்பாற்றலாம், டாக்ஸி செலவுக்கு வவுச்சர் இல்லாமல் தப்பிக்க முடியாது. 1952-ல் சி.ஐ.ஏ. 10,000 டாலரும் செலவும் கொடுத்து சோவியத் அணு ரகசியத்தை மோப்பம் பிடித்துவரச் சொன்னது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு ஒன்றும் இல்லாமல் திரும்பினார். இந்த முறை உண்மையிலேயே ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் இருபது வருஷம். வேலை கிடையாது. வக்கீல் சன்னது இருந்தது, கோர்ட்டுக்குப் போகவில்லை. அண்ணன் சாம் வீட்டில் பதினேழு வருஷம் தங்கினார். வீடு முழுக்கப் புத்தகமும் உயிருள்ள பேப்பர்களும். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் உதட்டில் விரலை வைப்பார். ஷ்! கேட்டவர், ஓ, இன்னும் உளவு வேலைதான் என்று பயபக்தியோடு விலகிவிடுவார். வேலையில்லாத எத்தனையோ பேர் எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒற்றை விரலுக்கு ஈடான பதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. விரலுக்கு மயங்காதவர் சாம் ஒருவர்தான். கடைசியில் பொறுக்கமாட்டாமல், வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ் வரைக்கும் தயார் செய்துவிட்டார். பெர்க் அக்கா எத்தல் வீட்டுக்குக் குடிபோனார்.

சுயசரிதை எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். 1960-ல் ஒருவழியாகச் சம்மதித்தார். கூட உட்கார்ந்து எழுத ஓர் எழுத்தாளரை அனுப்பினார்கள். அந்த இளைஞர், உங்கள் படங்களை எல்லாம் பார்த்திருக்கிறேன் என்ற ரீதியில் ஆரம்பித்திருக்கிறார். 'மூன்று மடையர்கள்' என்ற சினிமாக் கோமாளிக் குழுவில் மோ என்று ஒருவர் உண்டு, மற்ற இருவர் மூக்கையும் பிடித்துத் திருகுபவர். இவரை அவர் என்று நினைத்துவிட்டார் எழுத்தாளர். பெர்க் எழுந்து போய்விட்டார். எழுதாச் சுயசரிதை. மடையர்களின் தளவாடம் போட்டவருக்குக் கடைசியில் மடையர் பட்டமும் கிடைத்தது என்று எத்தல் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் ஒரு மொழியில் ரசித்திருப்பார்.

மறுத்த மெடலை, அவர் போன பிறகு எத்தல் வாங்கிக்கொண்டார். அது இப்போது கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இருக்கிறது. ஆட்டக்காரராக நுழைய முடியாத இடத்தில், வாங்காத மெடலாக நுழைந்திருக்கிறார். சி.ஐ.ஏ.வின் கண்காட்சியில் அவருடைய பேஸ்பால் அட்டை இருக்கிறது. மெடல் ஆட்டக்காரர்களிடம், அட்டை உளவாளிகளிடம். யாரோ பார்சலை மாற்றிக் கொடுத்த மாதிரி. அஸ்தியை எத்தல் தோண்டி எடுத்து ஜெருசலேமுக்குக் கொண்டுபோய்விட்டார். ஏதோ ஒரு குன்று என்கிறார்கள். சரியாக எந்த இடம் என்று கேட்டால் ஷ்தான்.

செத்தது 1972 மே 29, வயது எழுபது. வீட்டில் விழுந்து அடிபட்டு நியூ ஜெர்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ரகசியம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு மெட்ஸ் என்ன ஆயிற்று என்று நர்ஸிடம் கேட்டார். நியூயார்க் மெட்ஸ் அன்றைக்கு ஜெயித்திருந்தது. மறுநாள் காலைப் பேப்பரில் ஸ்கோர் வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. அவர் சாஸ்திரப்படி அந்தப் பேப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, யாரும் தொடக் கூடாது.